தாத்தா விட்டுப்போன துப்பாக்கி: தோட்டா நுழைந்துவிட்டால் பொருந்திவிட்டது என்று அர்த்தமில்லை

மூடியிருக்கும் ஒரு துப்பாக்கியை வெளியிலிருந்து பார்த்து, உள்ளே தோட்டா இருக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. நாற்பது வருடமாக அலமாரிக்குப் பின்னால் சாய்ந்து கிடந்தது, அதற்குள் என்ன இருக்கப்போகிறது என்று தோன்றும். அந்த நாற்பது வருடத்துக்கு முன் அதைக் கடைசியாக வைத்தவர் தோட்டாவை எடுத்துவிட்டுத்தான் வைத்தாரா என்பதற்குச் சாட்சி இல்லை. ஆகவே குடும்பத்தில் கைமாறி வந்த பழைய ஷாட்கன் (ஒரே தோட்டாவிலிருந்து பல சிறு ஈயக் குண்டுகளைச் சிதறவிடும் துப்பாக்கி) எதுவானாலும், தோட்டா அறையை, அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடத்தை, திறந்து கண்ணால் பார்க்கும்வரை அது குண்டு ஏற்றிய துப்பாக்கிதான். "அப்பா எப்போதும் காலி செய்துதான் வைப்பார்" என்று வீட்டில் யாராவது சொன்னாலும் இதில் மாற்றமில்லை.

தொடுவதற்கு முன் சட்ட விஷயம் ஒன்று. பல நாடுகளில் லைசென்ஸ் ஓர் ஆளின் பெயரில்தான் இருக்கும். உரிமையாளர் இறந்ததும் அந்த லைசென்ஸ் வாரிசுக்குத் தானாக வந்துவிடாது. வீட்டில் வைத்திருப்பதே சில இடங்களில் குற்றமாகலாம். ஒப்படைக்கலாம் என்று வண்டியில் போட்டுக் கொண்டுபோவதுகூடச் சிக்கலில் முடியலாம். முதலில் காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் தகவல் சொல்லி, "எடுத்து வர வேண்டுமா, நீங்கள் வருகிறீர்களா" என்று கேட்டுக்கொள்ளுங்கள். யாரிடம் பேசினீர்கள், எந்தத் தேதியில் பேசினீர்கள் என்று குறித்துவையுங்கள். துப்பாக்கியைக் கையாண்டு பழக்கமில்லாதவர் இத்தோடு நிறுத்திக்கொண்டு, அறையைப் பூட்டிவிட்டு, தெரிந்தவரை வரவழைப்பதே சரி. கீழே வருவதெல்லாம் அந்தத் தெரிந்தவர் என்ன செய்கிறார், ஏன் செய்கிறார் என்று உங்களுக்குப் புரிவதற்காக.

திறந்து பார்ப்பது

அறையில் வேறு யாரும் இருக்கக்கூடாது. அங்கே கிடைத்த தோட்டாக்கள் இருந்தால் அவற்றை வேறு அறைக்குக் கொண்டுபோய்விட வேண்டும். குழல்வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். சுவருக்கு அப்பால் ஆள் இருக்கலாம், மாடியில் ஆள் இருக்கலாம். கல் தரையில் பட்டால் சிதறித் தெறிக்கும். வெளியே மண் தரையை நோக்கியபடி வைத்துக்கொள்ள முடிந்தால் நல்லது. விரல் விசைக் காப்பு வளையத்துக்கு வெளியே, கட்டையின் (தோளில் வைக்கும் மரப்பகுதியின்) பக்கவாட்டில் நீட்டி இருக்க வேண்டும்.

பழைய ஷாட்கன்களில் அதிகம் கிடைப்பது நடுவில் மடங்கித் திறக்கும் வகை, ஒற்றைக் குழல் அல்லது இரட்டைக் குழல். பிடியின் மேல் கட்டைவிரல் படும் இடத்தில் ஒரு லீவர் இருக்கும். அதை வலப்பக்கம் தள்ளினால் குழல் கீழே மடங்கும். சிலவற்றில் லீவர் விசைக் காப்புக்கு அடியில் இருக்கும். மடங்கியதும் குழலின் பின்பக்கத்தில் பித்தளை வட்டம் தெரிந்தால் தோட்டாவோ காலி உறையோ உள்ளே இருக்கிறது. எக்ஸ்ட்ராக்டர் அதைச் சில மில்லிமீட்டர் வெளியே தள்ளிக் கொடுக்கும். விரலால் விளிம்பைப் பிடித்து இழுத்து எடுக்கலாம். வரவில்லையென்றால் விட்டுவிடுங்கள். காகித உறை ஈரத்தில் ஊதி அறைக்குள் இறுகியிருக்கும். கத்தி முனையால் நெம்பினால் முனை நழுவிப் போய் நிற்கும் இடம், தோட்டாவின் அடியில் நடுவில் இருக்கும் கேப்; அடிபட்டதும் வெடிமருந்தைப் பற்றவைப்பது அதுதான். முன்னாலிருந்து கம்பி விட்டுத் தள்ளுவது அதைவிட மோசம்: தள்ளுகிறவரின் கை குழல்வாய்க்கு நேராக இருக்கிறது.

குதிரை, அதாவது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சுத்தி, பின்னால் இழுத்த நிலையில் இருந்தால் அதை மெல்ல இறக்கிவிடலாம் என்று கை போகும். வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கில் கட்டைவிரல் வழுக்கினால் வெடித்துவிடும். குதிரை அப்படியே இருக்க, முதலில் குழலைத் திறந்து தோட்டாவை எடுத்துவிட வேண்டும். இறக்குவது அதற்குப் பிறகு. குதிரை கீழே இருந்தாலும் அலட்சியம் கூடாது. மிகப் பழைய குதிரைத் துப்பாக்கிகளில், விழுந்த குதிரை, கேப்பை இடிக்கும் ஊசியின் மேலேயே அழுந்தி நிற்கும், ஊசி கேப்பைத் தொட்டுக்கொண்டிருக்கும். கட்டை தரையில் இடித்தாலே போதும். அடித்துவிட்டுத் தானே சற்றுப் பின்வாங்கி நிற்கும் அமைப்பு 1860-களின் கடைசியில்தான் பரவ ஆரம்பித்தது.

வெளியே குதிரை இல்லாத துப்பாக்கியில் அது உள்ளே ஒளிந்திருக்கிறது, அவ்வளவுதான். 1875-இல் பர்மிங்ஹாமில் ஆன்சன், டீலி இருவரும் பதிவுசெய்த அமைப்பில், குழலை மடக்கும்போதே குதிரை உள்ளே இழுபட்டுவிடும். அதன் பின் வந்த துப்பாக்கிகளில் பெரும்பகுதி அதைப் பின்பற்றியவை. குதிரை இழுபட்டிருக்கிறதா என்பதை வெளியே காட்டும் அடையாளம் பலவற்றில் கிடையாது. சேஃப்டி பொத்தானை நம்பவும் வழியில்லை. பெரும்பாலும் அது விசையை மட்டும்தான் பூட்டும். உள்ளே குதிரையைத் தாங்கி நிற்கும் கொக்கி தேய்ந்திருந்தால், சேஃப்டி போட்டபடியே ஒரு தட்டில் நழுவிவிடும்.

குழலுக்கு அடியிலுள்ள பிடியை முன்பின் இழுத்துத் தோட்டா ஏற்றும் பம்ப் வகையிலும் தானாக ஏற்றிக்கொள்ளும் வகையிலும் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. அறையில் ஒன்றை எடுத்தாயிற்று என்று மூடினால், குழலுக்கு அடியிலுள்ள குழாயிலிருந்து அடுத்தது உள்ளே வந்து உட்கார்ந்துவிடும். குழாயை முழுதாகக் காலி செய்து, பிறகு அறையைத் திறந்து வைத்து, கண்ணால் பார்த்து, சுண்டுவிரலை விட்டும் தடவிப் பார்க்க வேண்டும். துருப்பிடித்த குழாயில் ஸ்பிரிங் சோர்ந்து போய், கடைசித் தோட்டா பாதி வழியில் சிக்கி நிற்பது அடிக்கடி நடப்பது.

குழல்வாய் வழியே வெடிமருந்து திணிக்கும் மிகப் பழைய துப்பாக்கி என்றால் திறந்து பார்க்கவே முடியாது. அதில் நிப்பிள், அதாவது குழலின் பின்முனையில் கேப்பைச் செருகும் சிறு முளை, அதன் மேல் கேப் உட்கார்ந்திருந்தால் கை வைக்காமல் விட்டுவிடுங்கள். கேப் இல்லையென்றால் ஒரு மெல்லிய மரக்குச்சியால் ஆழம் பார்க்கலாம். உடலையும் முகத்தையும் ஒதுக்கி வைத்துக்கொண்டு, விரல் நுனியால் பிடித்து, குத்தாமல் மெல்ல இறக்க வேண்டும். வாயின் மட்டத்தில் குச்சியில் அடையாளம் போட்டு, அதே குச்சியைக் குழலுக்கு வெளியே வைத்துப் பாருங்கள். நிப்பிள் இருக்கும் இடம்வரை நுனி எட்டவில்லை, சில சென்டிமீட்டர் முன்னாலேயே நின்றுவிட்டது என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. குளவிக்கூடாக இருக்கலாம். மருந்தும், அதை அடைத்துப் பிடிக்கும் தக்கையும், ஈயமும் இருக்கலாம். கந்தகம், கரி, வெடியுப்பு மூன்றும் சேர்ந்த கறுப்பு மருந்துக்கு வயதாவதில்லை; காய்ந்திருந்தால் நூறு வருடம் கழித்தும் எரியும். அந்தத் துப்பாக்கியைச் சூடுபடுத்தவோ துளைபோடவோ கூடாது.

லீவர் அசையவில்லை, எதுவும் திறக்கவில்லை என்றால், அதோடு நிறுத்துங்கள். முழங்காலில் வைத்து அடித்துத் திறக்க முயன்றதால் வந்த விபத்துகள் இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்தவை. வாய் பாதுகாப்பான பக்கம் பார்க்கக் கிடத்திவிட்டு, உரிமம் பெற்ற துப்பாக்கி மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

எங்கே படிப்பது

காலி என்று உறுதியான பிறகு, முன்கட்டையை, அதாவது குழலுக்கு அடியில் கை பிடிக்கும் மரத்தை, அதன் கொக்கியை விடுவித்துக் கழற்றலாம். குழலை மடக்கித் தூக்கினால் தனியே வந்துவிடும். துப்பாக்கியின் ஜாதகம் வெளியே தெரியும் பூவேலையில் இல்லை. குழலின் பின்பகுதி அடியில், வழக்கமாக மறைந்தே இருக்கும் தட்டையான பரப்பில்தான் இருக்கிறது. குழலைத் தனியே கழற்றி வைத்திருக்கும்போது விசையை இழுத்துப் பார்க்காதீர்கள். உள்ளே இழுபட்டிருந்த குதிரை விழுந்துவிடும். பிறகு குழலைத் திரும்ப மாட்ட முடியாமல் திண்டாட நேரும். அடிக்கக் கேப் இல்லாத நேரத்தில் ஊசி வெறுமனே பாய்ந்தால், பழைய எஃகு முனை ஒடியவும் கூடும்.

அந்தத் தட்டையான பரப்பை உப்புத்தாளால் தேய்க்கக்கூடாது. துணியில் ஒரு சொட்டு எண்ணெய் தொட்டுத் துடைத்து, டார்ச்சை ஏறக்குறைய கிடைமட்டமாகச் சாய்த்துப் பிடித்தால் தேய்ந்துபோன முத்திரைகூட நிழலில் எழுந்து வரும். அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வரிசை எண்ணைக் குழலிலும், பிடியின் உலோகத்திலும், முன்கட்டை இரும்பிலும் தனித்தனியே தேடிப் பாருங்கள். மூன்றும் ஒன்றாக இருந்தால் ஒரே துப்பாக்கி. வேறாக இருந்தால் யாரோ எப்போதோ குழலை மாற்றியிருக்கிறார்கள்.

குழலின் மேல் பெரிதாக இருக்கும் பெயர் தயாரித்தவருடையதாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. விற்ற கடையின் பெயராகவும் இருக்கும். புகழ்பெற்ற பெயரை ஒட்டிய போலிப் பெயர்களும் உண்டு. வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் பர்மிங்ஹாமின் உயர்தரத் தயாரிப்பாளர், "டபிள்யூ. ரிச்சர்ட்ஸ்" என்று பொறித்த மலிவுத் துப்பாக்கிகள் பெல்ஜியத்திலிருந்து ஏராளமாக வந்தன. பெயர் பொய் சொல்லலாம். சோதனை முத்திரை பெரும்பாலும் பொய் சொல்லாது.

சோதனை முத்திரை என்பது, வழக்கத்தைவிட அதிக அழுத்தமுள்ள தோட்டாவை வெடித்துப் பார்த்து, குழல் தாங்கியது என்று அரசு அங்கீகரித்த சோதனைக் கூடம் அடிக்கும் முத்திரை. லண்டன் துப்பாக்கித் தயாரிப்பாளர் சங்கத்துக்கு 1637-இல் பட்டயம் கிடைத்தது. பர்மிங்ஹாம் சோதனைக் கூடம் 1813-இல் வந்தது. கிரீடத்துக்கு அடியில் என்.பி. என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் இருந்தால் நைட்ரோ, அதாவது புகையில்லா மருந்துக்குச் சோதிக்கப்பட்டது. இந்த முத்திரை 1904 முதல். "நாட் ஃபார் பால்" என்று பொறித்திருந்தால் 1875-க்கும் 1887-க்கும் இடையில் சோதிக்கப்பட்ட, வாய் குறுகிய குழல். முட்டை வடிவக் கட்டத்துக்குள் ஈ, எல், ஜி என்ற எழுத்துகள் பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்துடையவை. 1893-க்குப் பிறகு அதன் தலையில் கிரீடமும் இருக்கும். பல ஜெர்மன் துப்பாக்கிகளில் சோதித்த மாதமும் ஆண்டும் சின்ன எண்களாக அடித்திருக்கும், தேதி கண்டுபிடிக்க அதைவிட எளிது எதுவுமில்லை. அமெரிக்காவில் அரசுச் சோதனைக் கூடம் கிடையாது, தொழிற்சாலையின் சொந்த முத்திரைதான்.

இங்கே ஒரு முக்கியமான குறிப்பு. முத்திரை, அடித்த நாளன்று குழல் எப்படி இருந்தது என்பதைத்தான் சொல்லும். பழைய பிரிட்டிஷ் குழலில் 13 என்று அடித்திருப்பதைப் பார்த்து, "நம்முடையது 12 போர் என்றார்களே" என்று குழம்புவார்கள் (போர் என்பது குழலின் உள் அகலத்தைச் சொல்லும் எண், விளக்கம் கீழே). தோட்டா அறை 12, குழலின் உள்விட்டம் 13 போர், அதாவது 0.710 அங்குலம். அது சகஜம். ஆனால் இன்று அளந்தால் 0.729 வருகிறது என்றால், துருக்குழிகளைப் போக்க யாரோ உள்ளே கடைந்திருக்கிறார்கள். கடைந்த அளவுக்குச் சுவர் மெலிந்துவிட்டது. அந்த முத்திரையை இனி நம்ப முடியாது.

போர் என்பது என்ன என்றும் சொல்லிவிடலாம். குழலுக்குள் சரியாக அமரும் ஈய உருண்டைகள் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வருமோ அந்த எண்ணிக்கைதான் போர். அதனால்தான் எண் கூடக்கூடக் குழல் சிறுக்கிறது: 12 போர் சுமார் 18.5 மி.மீ., 16 போர் 16.8, 20 போர் 15.6. நானூற்றுப் பத்து என்று சொல்லப்படுவது மட்டும் விதிவிலக்கு. அது அங்குல அளவு, 0.410.

நுழைவதும் பொருந்துவதும்

பழைய ஷாட்கன்னைப் பற்றி ஒரே ஒரு விஷயத்தைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், அது தோட்டா அறையின் நீளமாக இருக்கட்டும்.

பழைய பிரிட்டிஷ், ஐரோப்பியத் துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றின் அறை 65 மி.மீ., அதாவது இரண்டரை அங்குலம். இன்று கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் தோட்டா 70 மி.மீ., அதாவது இரண்டே முக்கால் அங்குலம். 65-இல் 70 எப்படி நுழையும்? எளிதாக நுழையும். தோட்டாவின் மேல் எழுதியிருக்கும் 70 என்பது வெடித்துத் திறந்த பிறகு உறையின் நீளம். வெடிக்கும் முன் அதன் வாய் மடித்து மூடப்பட்டிருப்பதால் ஏறத்தாழ 58 மி.மீ.தான் இருக்கும். துப்பாக்கி வழுவழுவென்று மூடிக்கொள்ளும். கையில் எந்தத் தடையும் தெரியாது.

வெடிக்கும்போது நடப்பது வேறு. மடிப்பு மலர்ந்து முன்னோக்கி விரிகிறது. அறை 65-இல் முடிந்து, அதன் பின் குழல் கூம்பாகக் குறுகுகிறது. மலர்ந்த உறையின் கடைசி 5 மி.மீ. அந்தக் கூம்புக்குள் போய், குழலின் கழுத்தை நெரிக்கிறது. ஈயக் குண்டுகளும் தக்கையும் அந்த நெரிசலைப் பிளந்துகொண்டு வெளியேற வேண்டும். அழுத்தம் எகிறுகிறது. தோட்டாவும் வழக்கமாகவே பழையதைவிட வலுவானது. முதல் தடவையே வெடித்துச் சிதறும் என்று சொல்லவில்லை. பத்து தடவை ஒன்றும் ஆகாமல் இருக்கலாம், அதுதான் ஏமாற்றுகிறது. மடங்கும் குழலை இறுக்கிப் பிடிக்கும் பூட்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்கிறது, கட்டையின் கழுத்தில் மயிரிழை விரிசல் விடுகிறது, மெலிந்த சுவர் ஊதுகிறது.

அறையின் நீளத்தை ஓரளவு வீட்டிலேயே பார்க்கலாம். மெல்லிய எஃகு அளவுகோலைப் பின்பக்கமாக விட்டு, வெளிச்சத்தில் பார்த்தால் அறை முடிந்து கூம்பு ஆரம்பிக்கும் இடம் ஒரு வளையம்போலத் தெரியும். உறுதியான அளவுக்கு மெக்கானிக்கின் அளவிதான் வேண்டும். ஏனென்றால், முன்பு யாரோ அறையை நீளமாகக் கடைந்திருக்கலாம், அப்படியானால் 70 என்று அளவு வந்தாலும் சுவர் அதற்கேற்ற கனத்தில் இருக்காது. பழைய பிரிட்டிஷ் குழலில் வைர வடிவக் கட்டத்துக்குள் 12-உம் சி என்ற எழுத்தும் இருந்தால், அறை 3 அங்குலத்துக்குக் குறைவு என்று மட்டும்தான் பொருள். இரண்டரையா இரண்டே முக்காலா என்று அது சொல்லாது.

கலந்து கிடக்கும் தோட்டாப் பெட்டி இதைப்போலவே ஆபத்தானது. 20 போர் தோட்டாவை 12 போர் குழலில் போட்டால் விளிம்பு பிடிக்காமல் உள்ளே வழுக்கிப்போய்க் கூம்பில் நின்றுவிடும். பின்னாலிருந்து பார்த்தால் அறை காலிபோல் தெரியும். மேலே ஒரு 12 போர் தோட்டாவைப் போட்டு விசையை இழுத்தால் குழல் கிழியும், அதுவும் இடது கை பிடித்திருக்கும் இடத்தில். 20 போர் உறைகளை மஞ்சள் நிறத்தில் செய்யும் வழக்கம் இதனால்தான் வந்தது.

குழலில் வரிவரியாக, மரத்தின் ரேகைபோல ஓர் ஓட்டம் தெரிகிறதா? முன்கட்டைக்கு அடியில், வெளிச்சம் படாத பகுதியில் பாருங்கள். தெரிந்தால் அது டமாஸ்கஸ் குழல்: இரும்பும் எஃகும் சேர்த்து முறுக்கிய பட்டைகளை ஓர் உருளைமேல் கயிறுபோலச் சுற்றி, காய்ச்சி அடித்து ஒட்டியது. கைத்திறனின் உச்சம். அதன் பலவீனமும் அங்கேதான்: நீள நெடுக ஓடும் ஒட்டுக்குள் கறுப்பு மருந்தின் கசடு ஈரத்தை இழுத்து, வெளியே தெரியாமல் அரித்திருக்கலாம். சாதாரண எஃகின் மேல் அமிலத்தால் வரைந்த போலி டமாஸ்கஸும் உண்டு. டமாஸ்கஸ் என்றால் இன்றைய கடைத் தோட்டா வேண்டவே வேண்டாம். சுவர்க் கனத்தை அளந்து, மறுபடி சோதனைக்கு அனுப்பித் தேறினால் மட்டும் அதற்கேற்ற தோட்டாவைப் பற்றிப் பேசலாம்.

உடல்நிலை

கழற்றிய குழலைச் சன்னல் பக்கம் பிடித்து, பின்பக்கமாக உள்ளே பாருங்கள். முதலில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்: குளவிக்கூடு, மறந்துபோன சுத்தத் துணி, கட்டியாகிப்போன கிரீஸ். பிறகு சன்னல் சட்டத்தின் நேர்க்கோடு குழலின் உள்சுவரில் நிழலாக ஓடும்படி பிடித்து, குழலை மெல்ல உருட்டுங்கள். கோடு ஓரிடத்தில் நெளிந்தால் அங்கே நெளிவு விழுந்திருக்கிறது. முழு வளையமாக நிழல் தெரிந்தால் அது ஊதிய குழல்: எப்போதோ அடைப்போடு வெடித்திருக்கிறார்கள்.

இரட்டைக் குழலை அடியிலுள்ள கொக்கிப் பகுதியில் நூல் கட்டித் தொங்கவிட்டு, விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். மணிபோல நீண்டு ஒலித்தால் இரு குழலையும் இணைக்கும் நடுப்பட்டை இறுகி இருக்கிறது. 'டொக்' என்று அடங்கினால் எங்கோ பற்றவைப்பு விட்டிருக்கிறது. அந்தப் பற்று ஈயப்பற்று என்பதால், குழலுக்குக் கருநீலப் பூச்சு ஏற்ற வேண்டும் என்று கொதிக்கும் காரக் கரைசலில் முக்கினால் குழலும் பட்டையும் தனித்தனியே வந்துவிடும்.

அடுத்து, முன்கட்டையை மாட்டாமல் குழலை மட்டும் பூட்டி, பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். முன்கட்டையின் ஸ்பிரிங் தளர்ச்சியை மறைத்துவிடும், அதனால்தான் அது இல்லாமல். ஆட்டம் தெரிந்தாலோ, பூட்டிய இடத்தில் வெளிச்சக் கீற்று தெரிந்தாலோ பூட்டு தேய்ந்துவிட்டது.

வைப்பது

நல்ல தோல் உறையில் பத்திரமாக வைத்திருந்தோம் என்பார்கள். திறந்தால் ஒரு பக்கம் முழுக்கத் துரு. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பதனிட்ட அமிலமும் அதில் இருக்கும். துணி உறையும் வேண்டாம். மெல்லிய துப்பாக்கி எண்ணெயைத் துணியில் தொட்டுப் பூசி, காற்று வரும், பூட்டுள்ள இரும்பு அலமாரியில் வையுங்கள். நிறுத்தி வைத்தால் வாய் கீழே இருக்கட்டும். வாய் மேலே இருந்தால் வருடக்கணக்கில் எண்ணெய் இறங்கி இறங்கிக் கட்டையின் தலைப்பகுதி கறுத்து, நகம் பதியும் அளவுக்கு ஊறிவிடும். திருகாணிகளில் சாதாரண ஸ்குரூடிரைவரை வைக்காதீர்கள். துப்பாக்கித் திருகின் பள்ளம் மயிரிழை அகலம்தான், தலை சிதைந்துவிடும்.

கூடவே கிடைத்த பழைய தோட்டாக்களைச் சுடவும் கூடாது, பிரிக்கவும் கூடாது. ஈரம் கண்ட மருந்து அரைகுறையாக எரிந்தால் 'புஸ்' என்ற சத்தத்தோடு தக்கை குழலின் நடுவிலேயே நின்றுவிடும். அடுத்த தோட்டா அதன்மேல் மோதும்போது குழல் வெடிக்கும். குப்பையில் போடுவது, புதைப்பது, தீயில் எறிவது எதுவும் தீர்வல்ல. பித்தளையில் பச்சை பூத்தவற்றைத் தனியே எடுத்து வைத்து, துப்பாக்கிக்காகக் கூப்பிடும் அதே காவல் நிலையத்திடமோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படையுங்கள். தொட்ட பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், ஈயம் விரலில் ஒட்டும்.

சுட வேண்டாம், நினைவாகச் சுவரில் மாட்டினால் போதும் என்று நினைப்பவர்கள் துப்பாக்கியைச் செயலிழக்கச் செய்ய முடியுமா என்று கேட்பார்கள். பல நாடுகளில் அதற்கு முறையான சான்றிதழ் உண்டு. ஆனால் குழலில் துளையிட்டு, ஊசியை வெட்டி, அறையில் எஃகு முளையைப் பற்றவைத்துவிட்டால் திரும்பப் பெற வழியில்லை. முத்திரைகளைப் படம் எடுத்து, என்ன துப்பாக்கி என்று தெரிந்தவரிடம் காட்டிய பிறகே அந்த வேலைக்குக் கொடுங்கள்.